தலைக்கு 4 டாலர் விசா: ஹட் ரிவர் போய்வந்த கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையை மூடிவிட்டார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஐம்பது வருடம் தன்னைத் தானே தனி நாடு என்று சொல்லிக்கொண்டிருந்த ஹட் ரிவர் சமஸ்தானம் 2020 ஆகஸ்ட் 3ஆம் தேதியோடு முடிந்தது. இனி அங்கே போனால் யாரோ ஒருவருடைய பண்ணை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கங்காருவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூடின கடைக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், பெர்த்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். இணைய ஏலத்தில் வாங்கினாராம். "அண்ணே, நீங்க இந்த நாட்டுக்கே போயிருக்கீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்றார். என் கையில் பிரியாணித் தட்டு, பக்கத்தில் பாட்டுச் சத்தம். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதெல்லாம் இங்கே.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால்தான் மீதி புரியும். பெர்த்தில் வருமானவரிக் கணக்கு பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. ஊரார் கணக்கைத் தாக்கல் செய்துகொடுத்துப் பிழைக்கிறவன். வரி கட்டமாட்டேன், நான் தனி நாடு என்று சொன்ன மனிதரை நேரில் பார்க்கலாம் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

போனது 2014 செப்டம்பர் கடைசியில். மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் ராணி பிறந்தநாள் விடுமுறை வந்தது, திங்கட்கிழமையோடு சேர்த்து மூன்று நாள். எலிசபெத் ராணி உண்மையில் பிறந்தது ஏப்ரல் 21. ஹட் ரிவர் பிரிந்துபோவதாக அறிவித்த தேதியும், ஆச்சரியம் பாருங்கள், ஏப்ரல் 21தான், வருடம் 1970. ஆனால் ராணியோடு அவர்களுக்கு ஒரு தகராறும் இல்லை. ராணிக்கு விசுவாசி, அரசாங்கத்தோடுதான் சண்டை என்பதுதான் அங்கே எப்போதும் பேச்சு.

வண்டியில் நான், மனைவி, ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அப்பா. அப்பா டெல்டாக்காரர். நெல்லைத் தவிர வேறொன்றைப் பற்றி ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. பெர்த்தின் மாலும் பூங்காவும் கடற்கரையும் இரண்டே வாரத்தில் அவருக்குச் சலித்துவிட்டன. "கட்டடமெல்லாம் போதும்டா. வயக்காடு எங்க இருக்குன்னு காட்டு" என்றார். ஆக, ஒரு வழியாக இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஊர்.

பெர்த்திலிருந்து வடக்கே 500 கி.மீ.க்கு மேல். நாங்கள் ஜெரால்டனில் இரவு தங்கி, காலையில் நார்தாம்ப்டன் வழியாகப் போனோம். அந்த மாதத்தில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, நடுநடுவே மஞ்சளாக கனோலா. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, "கடுகாடா இது?" என்றார். கடுகுக்குச் சொந்தக்காரன்தான் என்றேன். "ஆள் ஒருத்தரையும் காணோமே, யாரு அறுப்பா?" என்று கேட்டார். மெஷின் என்றதும் அதற்குப் பிறகு வெகு தூரத்துக்குப் பேச்சே இல்லை.

கடைசிக் கொஞ்ச தூரம் மண் சாலை. இது வேறு எந்த இடத்துக்குப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்: இங்கே வாடகை வண்டி எடுத்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் போட்டிருக்கும், மீறினால் காப்பீடு கிடையாது. நாங்கள் போனது சொந்த வண்டி. இருந்தாலும் சக்கரத்துக்கடியில் சரளை தெறிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கணக்கர் புத்தி டயருக்கு எத்தனை டாலர் என்று கூட்டிக்கொண்டே வந்தது. போன் சிக்னல் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

வாசலில் முதலில் கண்ணில் படுவது ஒரு தலை. கழுத்துக்கு மேல் மட்டும், ஆளைவிடப் பெரிய தலை. அந்த நாட்டின் அதிபர் பிரின்ஸ் லெனர்டின் தலைதான் அது. அப்பா இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "உசுரோட இருக்கறப்பவே செலையா?" என்றார். என் மனைவி, "நம்ம ஊர்ல கட் அவுட் வைக்கலையா மாமா?" என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

தலைநகரத்துக்கு நெய்ன் என்று பெயர். தலைநகரம் என்றால் மாட மாளிகை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தாழ்வான சில கட்டடங்கள், கொடிகள், மரநிழல். அலுவலகமும் தபால் நிலையமும் கடையும் விசா கவுண்டரும் கிட்டத்தட்ட ஒன்றே. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஒரு முதியவர். அவர்தான். வேறு எந்த நாட்டில் குடியேற்ற அதிகாரியின் நாற்காலியில் அந்த நாட்டு அரசரே உட்கார்ந்திருப்பார்? 1925 ஆகஸ்டில் பிறந்தவர், அப்போது 89 முடிந்து ஒரு மாதம்.

விசாவுக்குத் தலைக்கு 4 டாலர் கொடுத்தோம். ஆஸ்திரேலிய டாலர். அவர்களுக்கென்று ஹட் ரிவர் டாலர் உண்டு, ஆனால் அதன் மதிப்பு ஆஸ்திரேலிய டாலருக்குச் சரி சமம் என்று அவர்களே வைத்துக்கொண்டதால் மாற்றுவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒரு நாட்டின் அன்னியச் செலாவணிக் கொள்கை இவ்வளவு லேசாக எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

முத்திரை குத்தும் அழகைச் சொல்லவேண்டும். என் மனைவியின் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிங்கப்பூர் முத்திரை பாதியை அடைத்துக்கொண்டிருந்த பக்கத்தைத் தாண்டி, சுத்தமான பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நடுங்கிய விரல், ஆனால் முத்திரை நடுங்கவில்லை. மைப் பெட்டியில் இரண்டு தட்டு, தாளில் வைத்து நிதானமாக ஓர் அழுத்து, பிறகு மை காய்கிறவரை பாஸ்போர்ட்டை மூடாமல் விரித்தபடியே திருப்பித் தந்தார். பெரிய விமான நிலையங்களில் டம் டம்மென்று குத்தி, ஈரத்தோடு மூடி, அடுத்த பக்கமும் சேர்த்து அழுக்காக்கித் தருகிறவர்களை எண்ணிக்கொண்டேன். சேவைத் தரம் என்று பார்த்தால் இந்த ஒன்றுக்கே முழு மதிப்பெண்.

அப்பா மட்டும் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. உள் பையில் வைத்து மேலே கையையும் வைத்துக்கொண்டார். "இதைக் குத்திட்டா மெட்ராஸ்ல இறங்கறப்ப என்னடா நாடு இதுன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?" சரியான கேள்விதான். அங்கீகாரம் இல்லாத நாட்டின் முத்திரை அசல் பாஸ்போர்ட்டில் விழுந்தால் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்க வாய்ப்புண்டு. அவருக்கு மட்டும் அவர்களுடைய அறிமுகத் தாள் ஒன்றின் பின்புறம் குத்தி வாங்கினோம். அதற்கும் அதே நிதானம், அதே இரண்டு தட்டு.

அதற்குப் பிறகு அவர் கதை சொல்ல ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் கேட்டு அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். நாற்பது வருடமாக, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான கதை. தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது. எனக்கு அதுவரை அது பத்திரிகைத் துணுக்கு. வரி கட்டாத கிறுக்கர், தனக்குத் தானே பட்டம் கட்டிக்கொண்டவர், அவ்வளவுதான். மொழிபெயர்க்கும்போதுதான் அதில் கோதுமை இருப்பதே எனக்கு உறைத்தது.

1960களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் கோதுமை அமோக விளைச்சல். உலகச் சந்தையிலும் தேக்கம், விற்க வழியில்லை. அதனால் 1969இல் ஒதுக்கீட்டு முறை வந்தது: ஒவ்வொரு விவசாயியிடமிருந்தும் இவ்வளவுதான் எடுத்துக்கொள்வோம் என்று. லெனர்ட் காஸ்லி குடும்பத்தின் வயலில் அறுவடைக்கு நின்றது ஏறத்தாழ 9,900 ஏக்கர். ஒதுக்கீடு வந்தது 1,647 புஷல். புஷலை நான் மனதுக்குள்ளேயே கிலோவாக்கிச் சொன்னேன், கிட்டத்தட்ட 45 டன். சுமார் 100 ஏக்கர் விளைச்சல்.

அப்பா என்னை நிறுத்தினார். "திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

"நூறு ஏக்கரை அறுத்துக் குடு, மிச்சம் ஒம்பதாயிரத்து எண்ணூறு ஏக்கர் நின்னு காயட்டும்னானா?"

"ஆமாப்பா. நூத்துக்கு ஒண்ணு."

அப்பா அந்த முதியவரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அதுவரை வேடிக்கை பார்க்க வந்த மாதிரி கையைப் பின்னால் கட்டி நின்றவர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டையோடு ராத்திரி காத்துக் கிடந்தவருக்கு இதை விளக்க என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கடிதப் போர். காஸ்லி மாநில ஆளுநர் சர் டக்ளஸ் கெண்ட்ரூவுக்கு எழுதினார், பலன் இல்லை. நஷ்ட ஈடு கேட்டார், 52 மில்லியன் டாலர். இந்த நேரத்தில் விவசாய நிலங்களை அரசே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா ஒன்று மாநிலச் சட்டசபைக்கு வந்ததும், தன் நிலத்துக்கே உலை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். விளைவு, 1970 ஏப்ரல் 21. நிலப்பரப்பு 75 சதுர கி.மீ., 18,500 ஏக்கர். அப்பா உடனே வேலிக் கணக்கில் போட்டுப் பார்த்து, "ரெண்டாயிரத்து எண்ணூறு வேலி! இவ்வளவு வச்சிருக்கறவன் ராஜான்னு சொல்லிக்கிட்டா என்ன தப்பு?" என்றார்.

ராஜா ஆனதற்கும் ஒரு கதை உண்டு. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். முதலில் அவர் வெறும் நிர்வாகி. கவர்னர் ஜெனரலின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் 'ஹட் ரிவர் மாகாண நிர்வாகி' என்று விலாசம் எழுதிவிட்டார்கள். யாரோ ஒரு குமாஸ்தா வந்த கடிதத்தைப் பார்த்து அப்படியே பெயரை இறக்கியிருக்க வேண்டும். இவர் அதையே பிடித்துக்கொண்டார்: பார்த்தீர்களா, நீங்களே அங்கீகரித்துவிட்டீர்கள்! பிறகு பிரதமர் வில்லியம் மக்மான் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியபோது, 1495ஆம் வருடத்து இங்கிலாந்துச் சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்தார். ஏழாம் ஹென்றி காலத்து ராஜத்துரோகச் சட்டம். அன்றைக்கு யார் கையில் ஆட்சி இருக்கிறதோ அவருக்கு ஊழியம் செய்தவனை நாளைக்குத் துரோகி என்று தண்டிக்கக் கூடாது என்பதற்காகப் போட்டது அது. இவர் அதைத் தன் பக்கம் திருப்பி, நடைமுறையில் ஆளுகிற அரசருக்கு இடையூறு செய்கிறவன்தான் துரோகி என்று படித்தார். ஆகவே நான் அரசர் என்று அறிவித்துவிட்டார். விவசாயி கையில் சட்டப் புத்தகம் கிடைத்தால் வக்கீலுக்கு வேலை இல்லை.

1976இல் ஆஸ்திரேலியத் தபால் துறை அவர்கள் கடிதங்களைக் கையாள மறுத்தது. தபாலைக் கனடா வழியாகச் சுற்றிவிட்டார். அடுத்த வருடம் வரித் துறை நெருக்கியதும் அவர் செய்ததுதான் உச்சம்: 1977 டிசம்பர் 2ஆம் தேதி ஆஸ்திரேலியாமீது போர்ப் பிரகடனம். சில நாளில் போர் முடிந்ததாகவும் அவரே அறிவித்தார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. போரில் தோற்கடிக்கப்படாத நாட்டுக்கு இறையாண்மை தானாகவே உண்டு என்று ஜெனீவா ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு கடிதம் எழுதினார். எதிராளி சண்டைக்கே வராததால் தோற்கவில்லை! அப்பா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் முதியவரும் சேர்ந்துகொண்டார். நான் இன்னும் மொழிபெயர்த்தே முடிக்கவில்லை.

தனி நாடு என்றதும் நம்மில் பலருக்கு இப்போது கைலாசாதான் ஞாபகம் வரும். நாங்கள் போன வருடம் அப்படி ஒன்று கிடையாது. அங்கே நாடு முதலில், நிலத்தைத் தேடுவது பிறகு. இங்கே நிலம் முதலில், அதைக் காப்பாற்றத்தான் நாடு. அந்த வித்தியாசத்தைச் செருப்புக்கடியில் ஒட்டிய சிவப்பு மண்ணைத் தட்டிவிடும்போது உணர முடிந்தது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சிறிய தேவாலயம், உள்ளே ஓவியங்கள். அப்பா கேட்காமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ஒரு காட்சி அறை; பல இடங்களிலிருந்து வந்த பரிசுப் பொருள்கள், கடிதங்கள், கேடயங்கள். லெனர்டின் மனைவி பிரின்சஸ் ஷெர்லி அதற்கு முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார். அவர் நினைவாக ஓர் இடம். பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் தாராளம். சாப்பாட்டுக்கு நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் முட்டை சாண்ட்விச் என்று வாங்கியது வேறு ஏதோவாக இருந்து அப்பா அதைத் தொடவே மறுத்தது தனிக் கதை.

கடைக்கு வருவோம், தம்பி கேட்டது அதைப் பற்றித்தானே. தபால்தலை, நாணயம், ரூபாய் நோட்டு மாதிரி நோட்டுகள், கொடி, இன்னபிற. நாணயங்களில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது 1991 வளைகுடாப் போருக்காக அவர்கள் வெளியிட்ட வரிசை. போர் விமானமும் பீரங்கியும் போட்ட நாணயம். நிலையான படையே இல்லாத நாடு அது! அதுமட்டுமல்ல, நாலு பக்கமும் நிலம் சூழ்ந்திருந்தும் ஆதரவாளர்களுக்குக் கடற்படைப் பதவிகள் கூட வழங்கினார்கள். நான் ஒரு நாணயமும் சில தபால்தலைகளும் வாங்கினேன். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த நாட்டின் ஏற்றுமதி: கோதுமை, காட்டுப் பூக்கள், தபால்தலை, நாணயம். உள்ளே வசித்தவர்கள் முப்பது பேருக்குள்தான். வெளிநாட்டுக் குடிமக்கள் 14,000 பேர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் கொடுத்தார்கள். அதுதான் என் விமர்சனத்தில் கறாரான பகுதி. நினைவுப் பொருளாக ஆசைப்பட்டால் சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகி ஓடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் கற்பனைப் பாஸ்போர்ட்டுகள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது, அதில் ஹட் ரிவரும் உண்டு. ஆஸ்திரேலியா ஒருநாளும் அதை ஏற்றதில்லை. விசா என்ற சொல்லுக்கு உயிரைக் கொடுக்கிற நம் மக்களிடம் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பழைய பாஸ்போர்ட் புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கினால் அலமாரியில் வையுங்கள், விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தபால்தலை சேர்க்கிறவர்களுக்கு: இதுபோன்ற, அங்கீகாரம் இல்லாதவர்கள் வெளியிட்டதை அந்த வட்டாரத்தில் சிண்ட்ரெல்லா என்பார்கள். பட்டியல் விலை பார்த்து வாங்குகிற சமாசாரம் இல்லை. கேட்கிறவர் கேட்பதும் கொடுக்கிறவர் கொடுப்பதும்தான் விலை. அங்கே முத்திரை குத்திய உறையில் ஆஸ்திரேலியத் தபால்தலையும் சேர்ந்திருந்தால் எனக்குப் பிடிக்கும். ஒரே உறையில் இரண்டு நாடும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தம்பி வாங்கிய நாணயத்தைப் பொறுத்தவரை, கடையில் செல்லாது. செல்லாது என்று தெரிந்தே வாங்கினால் ஏமாற்றம் கிடையாது.

இனி வரி. என் தொழில் சொல்லவைக்கிறது. லெனர்டின் வயலுக்குப் போகிற சாலையையும், 89 வயதில் அவருக்கு ஏதாவது என்றால் ஓடி வருகிற ஆம்புலன்ஸையும் நார்தாம்ப்டன் பக்கத்துச் சம்பளக்காரர்கள் கட்டிய வரியில்தான் போட்டார்கள், ஓட்டினார்கள். கோதுமை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்காக நாற்பது வருட வருமானவரியும் தள்ளுபடி ஆகாது. ஒதுக்கீட்டு முறை 1970களின் நடுவிலேயே போய்விட்டது, ராஜ்ஜியம் போகவில்லை. 2007இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே, மாநில உச்ச நீதிமன்றம் அதற்குக் கீழே) அவர் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கவே தயாராக இல்லை. 2017 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அவர் 2.7 மில்லியன் டாலரும், மகன் ஆர்தர் 2,42,000 டாலரும் கட்டவேண்டும் என்றது. வீட்டுக்குள் யாரும் தன்னை அரசர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்காக வரி கட்டாமல் இருக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அலுவலகத்தில் அந்தச் செய்தியைப் படித்ததும் நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த அந்த நாணயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

தீர்ப்புக்குச் சில மாதம் முன்புதான், 91 வயதில், மகன் கிரேமிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். 2019 பிப்ரவரியில் காலமானார். அதற்கு முன்பே, 2016இல், ஹட் ரிவரின் 46ஆவது ஆண்டு நிறைவுக்கு எலிசபெத் ராணியிடமிருந்து வாழ்த்துச் செய்தி ஒன்று வந்தது. அனுப்பியது ராணியா, பழைய குமாஸ்தாவின் வாரிசா என்பது என் சந்தேகம். 2020 ஜனவரி கடைசியில் பயணிகளுக்குக் கதவைச் சாத்தினார்கள். பிறகு கொரோனா. ஆகஸ்டில், ஏறத்தாழ 3 மில்லியன் டாலர் வரிப் பாக்கிக்காக நிலத்தை விற்பதென்று முடிவெடுத்து நாட்டைக் கலைத்தார்கள்.

அந்தப் பக்கம் போக ஆசை இருந்தால் போகலாம், ஆனால் வேறொன்றைப் பார்க்க. போர்ட் கிரெகரிக்குப் பக்கத்தில் ஹட் லகூன் என்ற உப்பு ஏரி, அப்பட்டமான ரோஸ் நிறம். உப்பில் வளரும் டுனாலியெல்லா என்ற நுண்பாசி அந்த நிறத்தைக் கொடுக்கிறது. அந்தப் பாசியை அங்கே பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். நாங்கள் நாட்டை விட்டு வெளியேறி, அதாவது ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி, மத்தியானம் அங்கே நின்றோம். வெயில் உச்சியில் இருக்கும்போது நிறம் தூக்கலாக இருக்கும். மனைவி நூறு படம் எடுத்தாள். அப்பா ஏரியைப் பார்த்துவிட்டு, "உப்பளம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, அந்த அறிமுகத் தாளை எடுத்து மடிப்பு நீக்கி, முத்திரை கலைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

மதிப்பெண் கேட்டால், விசா கவுண்டருக்கு ஐந்துக்கு ஐந்து. கடைக்கு மூன்று. பாஸ்போர்ட் விற்பனைக்கு பூஜ்யம். வரிக் கணக்குக்கு நான் மதிப்பெண் போட்டால் தொழிலில் நிற்க முடியாது. மூன்று பேருக்கும் சேர்த்து 12 டாலரில் அப்பா ஒரு நாள் முழுக்க முகம் மலர்ந்திருந்தது பெர்த்தில் அந்த மூன்று மாதத்தில் வேறெங்கும் நடக்கவில்லை.

2020 ஆகஸ்டில் செய்தி வந்த அன்று ஊருக்குப் போன் போட்டேன். ஊரடங்கு, அப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த ராஜா நாட்டை மூடிவிட்டார்கள் என்றேன்.

"அவரு?"

"போன வருஷமே போயிட்டார்ப்பா. இப்ப வரிப் பாக்கிக்காக நிலத்தை விக்கிறாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வாங்கறவன் என்ன போடுவான்?" என்றார்.

"கோதுமைதான்."

"அளவு கிளவு உண்டா இப்ப?"

"இல்லப்பா. எவ்வளவு வேணும்னாலும் விக்கலாம்."

"அப்பச் சரி" என்று சொல்லி, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தார்.